ஓரத் துண்டு எடுத்து வைத்தவருக்கும் மற்றவர்களுக்கும்

பீபடி ஊர்க்காரர்களுக்கும், மாசசூசெட்ஸ் தமிழ் நண்பர்களுக்கும்,

வணக்கம். வருகிற வெள்ளிக்கிழமையோடு ரோஸ்ட் பீஃப் (சுட்ட மாட்டுக்கறி) சாண்ட்விச் கடை வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன். இருபது வருடமாக, கறி சீவும் மெஷினான ஸ்லைசரை முன்னும் பின்னும் தள்ளிய தோள்பட்டை இனிமேல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிளம்பும் முன் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் முதலாளி. நாங்கள் பெரியவர் என்போம். பாஸ்டனுக்கு வடக்கே இந்தக் கடற்கரைப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ரோஸ்ட் பீஃப் கடை இருக்கும். 1951-இல் ரிவியர் கடற்கரையில் கெல்லிஸ் கடையில்தான் இந்த சாண்ட்விச் பிறந்தது என்பார்கள். பிறகு வந்த கடைகளில் நிறைய, கிரேக்கக் குடும்பங்கள் நடத்துபவை. எங்கள் கடையும் அப்படித்தான். நான் வேலை கேட்டுப் போனபோதே அதற்கு முப்பது வயது.

எந்த ஊர் என்று கேட்டார். ஆம்பூர், அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை என்றேன். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டி வாடை உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாமலா? அப்பா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் அந்த வாடை கூடவே வந்து உட்காரும். அவருடைய அப்பாவும் கிரேக்க நாட்டிலிருந்து இங்கே தோல் பதனிட வந்தவராம். பீபடி ஒரு காலத்தில் தோலுக்குப் பேர்போன ஊர். இன்றைக்கும் உயர்நிலைப் பள்ளி அணிக்கு ‘டேனர்ஸ்’, அதாவது தோல் பதனிடுகிறவர்கள் என்றுதான் பெயர். மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்.

நான் மாட்டுக்கறி பிரியாணி சாப்பிட்டு வளர்ந்தவன். ஆனால் எங்கள் ஊரில் கறி என்றால் பஞ்சு மாதிரி வெந்திருக்க வேண்டும். இங்கே பெரிய தொடைக்கறியைக் குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வைத்து, நடுவில் ரோஜா நிறம் போகாமல் எடுக்கிறார்கள். ஆர்டர் வந்த பிறகுதான் காகிதம் போல மெல்லிசாகச் சீவி, வாட்டிய வெங்காய பன்னில் குவித்து வைப்பார்கள். பார்பிக்யூ சாஸ், மயோனெய்ஸ், சீஸ் மூன்றும் சேர்ந்தால் அது ‘திரீ-வே’. முதல் வாரம் அந்தச் சிவப்பைப் பார்த்தே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. கறியின் ஓரத்தில் நன்றாக வெந்து கறுத்திருக்கும் துண்டைத் தினமும் ஒரு பன்னில் வைத்து, காகிதம் சுற்றி, என் கோட்டு மாட்டும் ஆணிக்குக் கீழே வைத்துவிடுவார். அந்தத் துண்டுக்காகவே கடைக்கு வருகிறவர்கள் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஐயா, அதை நான் மறக்கவே இல்லை.

அடுத்தது 2006 மே மாதம். அன்னையர் தினத்தை ஒட்டி நாள்கணக்கில் மழை. பீபடி சதுக்கத்துக்கு அடியில் மூடிய கால்வாயில் ஓடுகிற நார்த் ரிவர் மேலே ஏறிவிட்டது. கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். ஃப்ரீசர் மிதந்தது. கறி முழுவதும் குப்பைக்குப் போயிற்று. தண்ணீர் வடிந்த அன்று காலையில் நானும் பெரியவரும் மட்டும் சேற்றில் நின்றுகொண்டிருந்தோம். அப்போது ஒவ்வொருவராக வந்தீர்கள். பெயர் தெரியாது, ஆர்டர் மட்டும் தெரியும். ‘ஜூனியர் (சின்ன சைஸ்), சாஸ் மட்டும்’ அம்மா இரண்டு வாளியோடு வந்தார். ‘சூப்பர் பீஃப் (பெரிய சைஸ்), திரீ-வே’ அண்ணன் தன் லாரியிலிருந்து பம்பை இறக்கினார். ஸ்லைசரை நாலு பேராகத் தூக்கி வெயிலில் வைத்து, அதன் பல்லிடுக்குச் சேற்றைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்த பள்ளிக்கூடப் பையன் இன்று இரண்டு பிள்ளைகளோடு வருகிறான். பன் கொண்டுவருகிறவர், கடை நிமிரும்வரை பில்லே நீட்டவில்லை. அன்று எனக்கு ஆங்கிலம் சரியாக வராது, தலையை மட்டும் ஆட்டினேன். அன்று சொல்லாத நன்றியை இப்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே தண்ணீர் என் வாடகை வீட்டுக்குள்ளும் புகுந்தது. மனைவியையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு எங்கே போவது? ஒரே ஒரு முறை பொங்கல் விழாவில் பார்த்த பர்லிங்டன் அக்கா போன் செய்து, “கிளம்பி வாங்க, அப்புறம் பேசிக்கலாம்” என்றார். ஐந்து வாரம் அவர்கள் வீட்டில் இருந்தோம். சைவக் குடும்பம். கடை திறந்த பிறகு கறி வாடையோடு ராத்திரி பத்து மணிக்கு வருகிற என்னைப் பார்த்து ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. குளிக்க வெந்நீர், மூடிவைத்த ரசம் சாதம் இரண்டும் தயாராக இருக்கும். காலையில் மாமா தன் ஆபீஸுக்கு எதிர்த்திசையில் காரை ஓட்டி என்னைக் கடையில் விட்டுப் போவார். அக்கா, மாமா, என் பிள்ளை இன்றைக்கும் உங்கள் வீட்டைத்தான் முதல் வீடு என்கிறான்.

கடை எங்கும் போகவில்லை. பெரியவரின் மகள் நடத்துகிறார், ஸ்லைசருக்குப் புதுப் பையன் வந்திருக்கிறான். வெள்ளிக்கிழமை மூன்று மணி வரை இருப்பேன். பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைய முதல் கறியின் ஓரத் துண்டை வெட்டி, காகிதம் சுற்றி, அவருக்காக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆம்பூர்க்காரன்