பாக்கிக் கடனில் சிக்கியவர்களுக்குப் பங்கு ஆலயங்கள் கைகொடுக்கட்டும்

ஐயா,

பிப்ரவரி 8, அடிமையாக விற்கப்பட்ட சூடான் நாட்டுப் புனித பக்கீத்தாவின் நினைவுநாள். அன்று கத்தோலிக்க ஆலயங்களில் ஆள்கடத்தலுக்கு எதிராக மன்றாடுகிறோம். குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிப்பட்டறைகளில் 'பாக்கி' என்று சொல்லும் முன்பணமே பலருக்கு விலங்கு. செங்கல் சூளையிலும் அதே கதைதான். மன்றாட்டோடு நிற்பது நியாயமா?

ஒரு பங்குக்கு, அதாவது ஓர் ஆலயத்தைச் சேர்ந்த சமூகத்துக்கு, ஐந்தாறு பேர் கொண்ட குழு போதும். இருவராவது பெண்கள், ஒருவருக்கு இந்தியோ ஒடியாவோ தெரியவேண்டும். கூட்டிவந்த மேஸ்திரியையே மொழிபெயர்க்க வைத்தால் உண்மை வெளிவராது. முன்பணம் எவ்வளவு, வாரம் என்ன பிடித்தம், ஆதாரும் ஏடிஎம் கார்டும் யார் கையில், ஊர்ச் சாவுக்காவது போக விடுகிறார்களா என்று தொழிலாளரிடம் தனியே கேட்டு, தேதியோடு எழுதுங்கள்.

ஆர்வக்கோளாறில் இளைஞர்கள் செல்போன் கேமராவோடு சூளைக்குள் நுழைவதுதான் பெரிய தவறு. விடிவதற்குள் குடும்பத்தை வேனில் ஏற்றி வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ எழுத்துமூலம் புகார் கொடுங்கள். குழந்தைகள் இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது. ஆனால் கொத்தடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டதாக அதிகாரி தரும் விடுதலைச் சான்றிதழ் வாங்காமல், மீட்கப்பட்டவரை ஊருக்கு அனுப்பாதீர்கள். அது இல்லாமல் ரூ.30,000 வரையிலான உடனடி நிவாரணம் பெறுவது கடினம். வெறுங்கையோடு போனவரின் வாசலில் அடுத்த பருவமே மேஸ்திரி வந்து நிற்பார்.

மீட்கப்பட்டவர் பெயரை மறையுரையில் சொல்லவேண்டாம். உதவி பெற்றவரை ஜெபத்துக்கு வரும்படி வற்புறுத்தவும் கூடாது.

பங்கு சமூகப்பணிக் குழுவினர்,
ஈரோடு.