தண்ணீர்த் தொட்டியும் ஆய்வுப் படிவமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழலையர் வகுப்பிலேயே தேர்வு வைத்துக் குழந்தைகளின் கற்றல் அடைவை அளந்துவிட வேண்டும், அடிக்கடி ஆய்வு நடத்தினால்தான் ஆசிரியர்கள் ஒழுங்காக வேலை பார்ப்பார்கள் என்கிற ரீதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளோடு இருபத்திரண்டு வருடமாகத் தரையில் உட்கார்ந்து எழுந்து முட்டி தேய்ந்து போனவள் நான். கடிதம் நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் தண்ணீர்த் தொட்டி விஷயத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

ஓர் ஆய்வு நாள். வகுப்பின் மூலையில் தொட்டி நிறையத் தண்ணீர், பக்கத்தில் பாட்டில், கிண்ணம், புனல். ஐந்து வயசுப் பையன் ஒருவன், ஒல்லியான பாட்டிலில் கழுத்து வரை இருந்த தண்ணீரை அகலக் கிண்ணம் ஒன்றில் ஊற்றினான். கிண்ணத்தில் பாதிகூட வரவில்லை. எங்காவது சிந்திவிட்டதா என்று குனிந்து பார்த்தான். பிறகு புனலை வைத்து எல்லாவற்றையும் திரும்பப் பாட்டிலுக்குள் ஊற்றினான், தண்ணீர் அதே கழுத்தில் வந்து நின்றது. மறுபடி கிண்ணம், மறுபடி பாட்டில், ஆறேழு தடவை இருக்கும். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஆய்வுக்கு வந்தவர் அவன் தோளைத் தட்டி, "தம்பி, ஒன்றிலிருந்து இருபது வரை சொல்லு பார்ப்போம்" என்றார். பையன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கையிலிருந்த புனலைப் பார்த்தான். வாயே திறக்கவில்லை. அவர் படிவத்தில் என்னவோ குறித்துக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் இவன் என் கையைப் பிடித்து இழுத்தான். "மிஸ், தண்ணி குறையல. அகலமாப் படுத்துக்கிச்சு."

பாத்திரம் மாறினாலும் தண்ணீரின் அளவு மாறாது என்பது ஏழு வயசுக்குக் கீழே உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிடிபடாது என்று சுவிஸ் உளவியலாளர் ஜீன் பியாஜே சோதித்துப் பார்த்து எழுதியிருக்கிறார், ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் எல்லோரும் படித்ததுதான். அதை இந்தப் பையன் தானாகவே பிடித்துவிட்டான். அறிக்கையில் வந்தது என்ன தெரியுமா? 'எண்களை வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை.' அவன் தினமும் மாடிப்படியை நூறு வரை எண்ணிக்கொண்டு ஏறி இறங்குகிறவன் என்பது எந்தக் கட்டத்திலும் இடம்பெறவில்லை.

நாலு வயசுப் பிள்ளையிடம் முன்பின் தெரியாத ஒருவர் கேள்வி கேட்டால் கிடைக்கும் பதில் அன்றைக்கு அது தூங்கியதா, பசிக்கிறதா, அவர் மீசையைப் பார்த்துப் பயந்ததா என்பதைப் பொறுத்தது. நேற்று சொல்லாததை இன்று சொல்லும், இன்று சொன்னதை நாளைக்கு மறுக்கும்.

ஆய்வு என்று தெரிந்ததும் பள்ளியில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்பே தொட்டியும் களிமண்ணும் அலமாரிக்கு மேலே போய்விடும், தரை அழுக்காகக் கூடாதே. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு, அதில் தேதி போட்ட குறிப்பு, புகைப்படம், எந்த இலக்கை எப்போது எட்டியது என்ற அட்டவணை. நானே செய்திருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன்: இரண்டு பெண் பிள்ளைகள் மரக்கட்டையை அடுக்கி அது விழுமா விழாதா என்று தகராறு செய்துகொண்டிருந்தபோது, "அப்படியே பிடிச்சுக்கோ கண்ணு, மிஸ் போட்டோ எடுத்துக்கிறேன்" என்று சொன்னேன். பிடித்துக்கொண்டார்கள், சிரித்தார்கள், அதோடு அந்த விளையாட்டு முடிந்துவிட்டது. கோப்பில் அழகான படம் இருக்கிறது.

இதெல்லாம் ஏதோ ஓரிடத்துக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளில், நாலு வயசில் ரிசப்ஷன் என்கிற தொடக்க வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு 2021 முதல் ஒரு மதிப்பீடு நடக்கிறது. சேர்ந்த 6 வாரத்துக்குள், சுமார் 20 நிமிடம். மதிப்பெண்ணைப் பெற்றோருக்கும் சொல்வதில்லை, வகுப்பு ஆசிரியருக்கும் கொடுப்பதில்லை. ஏழு வருடம் கழித்து, பிள்ளை ஆரம்பப் பள்ளியை முடிக்கும்போது, பள்ளி எவ்வளவு தூரம் முன்னேற்றியது என்று கணக்குப் போடத்தான் அது. அதாவது அளக்கப்படுவது பள்ளி, அளவுகோலாக நிற்பது அந்த நாலு வயசுப் பிள்ளை. அதே நாட்டில் ஆஃப்ஸ்டெட் என்ற ஆய்வு அமைப்பு அரசுப் பள்ளிகளுக்கு ஒரே சொல்லில் தரம் கொடுத்து வந்த பழக்கத்தை 2024 செப்டம்பரில் கைவிட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பழைய கதை ஒன்றும் உண்டு. அங்கேயே 1862இல் 'விளைவுக்கேற்ற ஊதியம்' என்று ஒரு முறை கொண்டு வந்தார்கள். ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்வார், தேறாத பாடத்துக்குத் தகுந்தபடி பள்ளிக்கு மானியம் குறையும். வேறென்ன நடக்கும், வாசிப்புப் புத்தகத்தையே மனப்பாடம் பண்ண வைத்தார்கள். கவிஞர் மேத்யூ அர்னால்ட் வயிற்றுப்பிழைப்புக்குப் பள்ளி ஆய்வாளராக இருந்தவர். பாடம் நடத்துவது இயந்திரத்தனமாகிவிட்டது என்று அவரே தன் அறிக்கைகளில் புகார் சொன்னார். ஆய்வாளரே அலுத்துப்போன பிறகும் அந்த முறை முழுசாக ஒழிய முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

சரி, சீக்கிரமே எழுத்தும் எண்ணும் கற்றுக்கொண்டால் பிள்ளைக்கு நல்லதுதானே என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி, நானும் என் மகளுக்கு அப்படிப் பதறியவள்தான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் அரசு நடத்திய முன்மழலையர் வகுப்பில் குலுக்கல் முறையில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 3,000 பிள்ளைகளை வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தினர் தொடர்ந்து கவனித்தார்கள். வகுப்புக்குப் போனவர்கள் அந்த வருட முடிவில் முன்னால் இருந்தார்கள். 2022இல் வெளியான முடிவுப்படி, ஆறாம் வகுப்பில் அவர்கள் மற்றவர்களைவிடத் தேர்வுகளில் பின்தங்கியிருந்தார்கள், ஒழுங்கு நடவடிக்கைகளிலும் அதிகம் மாட்டினார்கள். காரணம் இதுதான் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை, நானும் அதை மிகைப்படுத்தப் போவதில்லை. ஆனால் ஐந்து வயசில் கிடைக்கும் மதிப்பெண்ணைப் பார்த்து ஆனந்தப்படுவதற்கு முன் கொஞ்சம் நிதானிக்கலாம். பின்லாந்தில் பிள்ளைகள் முறையான பள்ளிக்குப் போவது ஏழு வயசில். அதற்காக அங்கே யாரும் படிக்கத் தெரியாமல் வளர்ந்துவிடவில்லை.

அப்புறம் இந்த மணிக்கட்டு. அதில் இருக்கும் எட்டு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு, ஒவ்வொன்றாக எலும்பாக மாறப் பல வருடம் பிடிக்கும். மூன்று வயசுக் கையில் பென்சிலைத் திணித்துவிட்டுக் கோட்டுக்குள் எழுதவில்லை என்று திட்டுகிறோம். களிமண் பிசைவதும் பாட்டில் மூடியைத் திருகுவதும் எழுதப் பழகும் வேலைதான், நோட்டுப் புத்தகத்தில் தெரியாது, அவ்வளவுதான்.

விளையாட்டு என்றால் பிள்ளைகளை அவிழ்த்துவிட்டு டீச்சர் சும்மா உட்கார்ந்திருப்பது என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் என் வகுப்புக்கு வந்து பார்க்கலாம். எந்தப் பொருளை எங்கே வைப்பது, எப்போது கேள்வி கேட்பது, எப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்பதுதான் வேலையே. பெண் பிள்ளை ஒன்று கதை சொல்லும்போதெல்லாம் இடது பக்கமாகவே வந்து உட்காரும், தலையைச் சாய்த்துக்கொள்ளும். மதிப்பீட்டுப் படிவத்தில் அதற்கு 'கட்டளைகளைப் பின்பற்றுவதில்லை' என்று இருந்தது. நான் ஒளிந்து விளையாடும்போது பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன், பெற்றோரிடம் சொன்னேன், மருத்துவரிடம் காட்டினார்கள். ஒரு காது கேட்கவில்லை. குறையைச் சீக்கிரம் கண்டுபிடிக்கத்தான் தேர்வு என்று சொல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆய்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாக வரட்டும். ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள், கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா, யாராவது பிள்ளைகள் மேல் கை நீட்டுகிறார்களா, வெளியே ஓடியாட இடம் இருக்கிறதா, டீச்சருக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று குடைந்து குடைந்து கேட்கட்டும். எங்களைச் சோதியுங்கள், பிள்ளைகளை விட்டுவிடுங்கள். கோப்பைக் கேட்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பேசாமல் உட்காரட்டும். சட்டை நிச்சயம் நனையும், மாற்றுச் சட்டை ஒன்று எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மழலையர் வகுப்பு ஆசிரியை ஒருவர்