நியூஜெர்சி டேகேர் கிரெடிட்டும் கைவிட்டுப் போகும் காரணங்களும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க வரித் தாக்கல் பற்றிய உங்கள் கட்டுரை டேகேர் செலவுக்கான ஃபெடரல் (மத்திய அரசு) கிரெடிட்டோடு, அதாவது வரியில் கிடைக்கும் கழிவோடு, நின்றுவிட்டது. தமிழர்கள் நிறைய வசிக்கும் நியூஜெர்சியில் மாநிலமும் தனியாக ஒரு கிரெடிட் தருகிறது. மாநில வரி பாக்கி இல்லாவிட்டாலும் அது ரீஃபண்டாகக் கைக்கு வரும்.

ஃபெடரல் கிரெடிட்டைக் கோரும் படிவம் 2441 மூலம் கிடைத்த தொகையில் ஒரு பங்குதான் இந்தக் கிரெடிட். அந்தப் படிவம் இல்லையென்றால் மாநிலத்திலும் இல்லை. நியூஜெர்சி வரிக்குரிய வருமானம் 30,000 டாலருக்குள் என்றால் 50 சதவீதம். பிறகு ஒவ்வொரு 30,000-க்கும் பத்துப் பத்தாக இறங்கி, 1,20,000-க்கு மேல் 10 சதவீதமாகிறது. 1,50,000-ஐத் தாண்டினால் பூஜ்யம். கணவன், மனைவி இருவரும் ஐடியில் இருந்தால் பெரும்பாலும் இந்த வரம்பிலேயே அடிபட்டுவிடும்.

2025 கணக்கில், இரண்டு குழந்தைகளுக்கு எவ்வளவு கட்டியிருந்தாலும் 6,000 டாலர்தான் செல்லும் (ஒரு குழந்தைக்கு 3,000). நடுத்தர வருமானக்காரருக்கு அதில் 20 சதவீதம், அதாவது 1,200 டாலர் ஃபெடரல் கிரெடிட். மாநில வரிக்குரிய வருமானம் 1,10,000 என்றால் நியூஜெர்சி தருவது 240. வருமானம் 1,20,000-ஐ ஒரு டாலர் தாண்டினாலும் 120 ஆகிவிடும். ஓரத்தில் இருப்பவர்கள் டிசம்பருக்குள் 401கே-யில் (அலுவலக ஓய்வுகாலச் சேமிப்பு) கொஞ்சம் கூடுதலாகப் போடலாம். அதை நியூஜெர்சி சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்கிறது. பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் உள்ள 403பி சேமிப்பை அப்படிக் கழிப்பதில்லை.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் எச்-4, அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான விசா. கணவன், மனைவி இருவருக்கும் சம்பாத்தியம் இருக்க வேண்டும். இருவரில் குறைவான சம்பாத்தியமே செலவுக்கு உச்சவரம்பு. வேலை அனுமதி இல்லாமல் வீட்டிலிருக்கும் மனைவிக்கு வருமானம் பூஜ்யம், ஆகவே கிரெடிட்டும் பூஜ்யம். விதிவிலக்கு, அவர் குறைந்தது ஐந்து மாதம் முழுநேர மாணவியாக இருப்பது. அப்போது மாதம் 250 டாலர் (இரண்டு குழந்தை என்றால் 500) சம்பாதித்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்பது மாதம் படித்தால், ஒரு குழந்தைக்கு 2,250 வரை செலவு காட்டலாம்.

அடுத்தது அலுவலகத்தின் எஃப்எஸ்ஏ, அதாவது டேகேர் செலவுக்காகச் சம்பளத்திலிருந்து ஃபெடரல் வரி பிடிக்காமல் ஒதுக்கும் கணக்கு. அதில் போட்ட தொகை 6,000-லிருந்து டாலருக்கு டாலர் கழியும்: 5,000 போட்டால் மிஞ்சுவது 1,000. 2026 முதல் எஃப்எஸ்ஏ வரம்பு 7,500 ஆகிறது. முழுவதும் போடுபவருக்கு இரண்டு கிரெடிட்டும் கிடையாது. பலருக்கு எஃப்எஸ்ஏதான் லாபம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வந்து பேரனைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்குச் சம்பளம் கொடுத்ததாக எழுதவே கூடாது. அந்த விசாவில் ஊதிய வேலைக்கு இடமில்லை. கிரீன் கார்டு உள்ள பாட்டி, உங்கள் ரிட்டர்னில் டிபெண்டன்டாக (உங்களைச் சார்ந்திருப்பவராக) இல்லாதவரை, அவருக்குக் கொடுத்த சம்பளம் செல்லும். ஆனால் அவர் அதை வருமானமாகக் காட்ட வேண்டும்.

வீட்டில் டேகேர் நடத்தும் அக்காமார்கள் ரொக்கம் வாங்கிக்கொண்டு வரி எண் தரத் தயங்குவதும் உண்டு. குழந்தையைச் சேர்க்கும்போதே டபிள்யூ-10 படிவத்தில் பெயர், முகவரி, எண் வாங்கிவிடுங்கள். பணத்தைச் செக்கில் கொடுங்கள். பிறகும் எண் தர மறுத்தால், கேட்டும் கிடைக்கவில்லை என்று விளக்கக் குறிப்பு இணைத்து 2441-ஐத் தாக்கல் செய்யலாம்.

ப்ரீஸ்கூல், பள்ளி முடிந்தபின் பார்த்துக்கொள்ளும் கட்டணம், கோடைக்காலப் பகல் முகாம் எல்லாம் செல்லும். இரவு தங்கும் முகாம், கிண்டர்கார்டன் ஃபீஸ், டியூஷன், பரதநாட்டிய வகுப்பு செல்லாது. 13-வது பிறந்தநாளோடு குழந்தையின் கணக்கு முடிகிறது. அந்த ஆண்டில் அதற்கு முந்தைய செலவு மட்டும் சேரும்.

ஏற்கெனவே தாக்கல் செய்தவர்கள் மூன்றாண்டுக்குள் திருத்தலாம். முதலில் ஃபெடரல் திருத்தப் படிவம் 1040எக்ஸ், பிறகு மாநிலத்தின் என்ஜே-1040எக்ஸ்.

– வரிக் கணக்குத் தயாரிப்பாளர்கள் சிலர்,
எடிசன், நியூஜெர்சி