வாடகை வீடும் ஊர் எல்லையும்

ஆன் ஆர்பர், மிச்சிகன்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உன் பையனும் அவன் நண்பனும் காதலர்கள் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் ஒரே வாரத்தில் காலி செய்யச் சொன்னார், அட்வான்ஸையும் தரவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டி வெகுநேரம் படிக்கவே முடியவில்லை. கல்யாணமாகாத பெண்களுக்கு வீடு இல்லை என்று நாம் இருவரும் எத்தனை வாசலில் கேட்டுத் திரும்பியிருக்கிறோம்!

சட்டம் ஒன்றும் செய்யாதா என்று கேட்டிருந்தாய். 2018-இல் உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆவது சட்டப் பிரிவு பற்றித் தீர்ப்பு சொன்ன பிறகு அவர்கள் காதல் குற்றமில்லை. போலீஸ் அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022-இல் தமிழகக் காவலர் நடத்தை விதிகளிலும் சேர்த்தார்கள். ஆனால் தன்பாலீர்ப்பைக் காரணம் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்று ஒரு வீட்டுக்காரரைத் தடுக்கும் சட்டம் அங்கே இல்லை.

இங்கே மிச்சிகனில் அப்படிப்பட்ட சட்டம் ஆரம்பித்தது சின்ன ஊர்களில்தான். 1972 மார்ச்சில் ஈஸ்ட் லான்சிங் நகர சபை, வேலைக்கு ஆள் எடுப்பதில் இந்தப் பாகுபாடு கூடாது என்று விதி போட்டது. அமெரிக்காவிலேயே அதுதான் முதல். அதே ஆண்டு எங்கள் ஆன் ஆர்பர், வீட்டு வாடகையையும் சேர்த்துச் சட்டம் செய்தது. மிச்சிகன் மாநிலம் 1976-இல் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைச் சட்டம் கொண்டுவந்தபோது தன்பாலீர்ப்பு உள்ளவர்களை விட்டுவிட்டது. அதனால் ஊர் ஊராகத்தான் நடந்தது. நான் வந்த புதிதில் கூட வேலை பார்த்த ஒருத்தி தன் துணையோடு வீடு தேடினாள். வாடகை எவ்வளவு என்று கேட்கும் முன்னால், இந்தத் தெரு எந்த ஊர் எல்லையில் வருகிறது என்றுதான் கேட்பாள். எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் அவளுக்குப் பாதுகாப்பு கிடையாது. 2023 மார்ச்சில் ஆளுநர் விட்மர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மாநிலச் சட்டத்திலேயே அது எழுதப்பட்டது. ஐம்பத்தொரு வருஷம்! ஆனாலும் அந்த இரண்டு ஊர்களும் காத்திருந்திருந்தால், அத்தனை வருஷமும் அங்கே வாழ்ந்தவர்களுக்கு என்ன இருந்திருக்கும்?

டெல்லியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றுவது அதனால்தான். வாடகைச் சட்டம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. 2017-இல் தமிழ்நாடு புதிதாகவே ஒன்று கொண்டுவந்தது. அதில் ஒரு பிரிவு சேர்த்தால் போதும். உன் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு ஒரு மனு எழுதேன். கூட எழுத உன் பையனின் நண்பர்களும் இருப்பார்கள்.

அப்புறம், ஒரு வாரத்தில் வெளியே போ என்பது இப்போதுள்ள சட்டப்படியே செல்லாது. காலி செய்ய வைக்க வாடகை நீதிமன்றம் போக வேண்டும். அட்வான்ஸைக் கேட்கவும் அவனுக்கு உரிமை உண்டு. ஒப்பந்தம் எழுதியிருந்தால் அதை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்.

இப்போது இருவரும் எங்கே தங்கியிருக்கிறார்கள்? சமையலுக்கு வசதி இருக்கிறதா? தை மாதம் வருகிறேன். அவர்கள் வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ.

உன்,
பழைய அறைத்தோழி