பழி கழிப்பறை மீது வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் கருவுற்றிருக்கும் வாசகி ஒருவர், சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனையில் ‘ரியாக்டிவ்’ (நோய் இருக்கலாம்) என்று வந்திருப்பதாகவும், பொதுக் கழிப்பறையில் தொற்றியிருக்குமா என்றும் கேட்டிருந்தார். ‘அதற்கும் வாய்ப்பு உண்டு’ என்று பதில் வந்திருந்தது. பால்வினை நோய்ப் பிரிவின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அப்படி வராது.

சிபிலிஸ் கிருமியைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். புண்ணை உப்புநீரில் துடைத்து, லேசாக அழுத்தினால் கசியும் நீரைக் கண்ணாடித் துண்டில் ஒற்றி எடுத்து, இருட்டுப் பின்னணி நுண்ணோக்கியில் வைப்போம். கரிய பரப்பில் மெல்லிய வெள்ளிச் சுருள்கம்பி போல முறுக்கி நெளியும். எடுத்த கையோடு பார்த்துவிட வேண்டும். யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டு வந்தால் நீர் உலர்ந்திருக்கும், அசைவு நின்றிருக்கும். அப்புறம் எது கிருமி, எது தூசு என்று தெரியாது. நோயாளியை மறுபடி அழைத்து, அவர் முகச்சுளிப்பையும் வாங்கிக்கொண்டு, புதிதாக எடுக்க வேண்டியதுதான். 1905இல் ஷாடினும் ஹாஃப்மனும் கண்டுபிடித்த கிருமி இது. ஆனால் ஆய்வகத்தில் தொடர்ந்து உயிரோடு வளர்க்கும் வழி 2018இல்தான் கைகூடியது. அதுவரை ஆராய்ச்சிக்கு முயலின் உடம்பில் வளர்த்தார்கள். இத்தனை சொகுசு கேட்கும் கிருமி, காய்ந்த பீங்கானில் உட்கார்ந்து ஆள் வரட்டும் என்று காத்திருக்குமா? துண்டு, தட்டு, கதவுப்பிடி, நீச்சல் குளம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

புண்ணை நேரடியாகத் தொடும் உடலுறவில்தான் இது பரவுகிறது. வாய்வழி, ஆசனவாய் வழி உறவும் இதில் அடக்கம். வாயில் புண் இருந்தால் முத்தத்திலும் வரலாம். ஆணுறை அபாயத்தை நன்றாகவே குறைக்கும். ஆனால் அது மறைக்காத இடத்தில் புண் இருந்தால் அங்கே பாதுகாப்பில்லை.

இதில் பெரிய வில்லங்கமே அந்தப் புண் வலிக்காது என்பதுதான். வலித்தால் ஓடி வந்திருப்பார்கள். தொற்றி ஏறக்குறைய மூன்று வாரத்தில் தோன்றும்; பத்து நாளிலும் தோன்றலாம், மூன்று மாதமும் ஆகலாம். பெண்களுக்குக் கருப்பை வாயில் இருந்தால் கண்ணிலேயே படாது. மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். கையில் கிடைத்த களிம்பைத் தடவியவர் களிம்பு கேட்டது என்று நினைத்துக்கொள்வார். பிறகு உள்ளங்கை, உள்ளங்காலில்கூடத் தடிப்புகள் வரும். அவையும் போய்விடும். அதன்பின் வருடக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது, ரத்தப் பரிசோதனையில் மட்டும் தெரியும். அந்தக் கட்டத்திலும் கருவில் இருக்கும் குழந்தைக்குப் போகும்.

கழிப்பறை என்று சொன்னால் ஒரு குடும்பத்தில் சண்டை வராது என்று தங்கள் மருத்துவர் நினைத்திருக்கலாம். அந்த நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் பொய் சொல்லாமலே அந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஆறுதல் இருந்தது. வி.டி.ஆர்.எல். சில சமயம் கர்ப்பத்தாலேயே தவறாக ‘ரியாக்டிவ்’ காட்டும், அதனால் டி.பி.எச்.ஏ. போன்ற இன்னொரு பரிசோதனையில் உறுதி செய்ய வேண்டும். உறுதியானாலும், எப்போது வந்தது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. திருமணத்துக்கு முன்பே வந்து, தெரியாமலே தங்கியிருந்ததாகவும் இருக்கலாம். அந்த அறிக்கைத் தாளை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது. இதைச் சொல்லியிருந்தாலே பாதிச் சண்டை அடங்கியிருக்கும்.

சிகிச்சை ஒன்றும் கடினமில்லை. பென்சதீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், இடுப்பில் போடும் ஊசி. ஆரம்ப நிலை என்றால் ஒரு தடவை. நாள்பட்டது, அல்லது எப்போது வந்தது என்று தெரியாதது என்றால் வாரத்துக்கு ஒன்றாக மூன்று. (ஊசி வலிக்கும், மறைப்பானேன்!) ஆனால் ஒரு முறை குணமானவருக்கு மறுபடி வராது என்ற எதிர்ப்பு சக்தி இதில் கிடையாது. மனைவி ஊசி போட்டுக்கொண்டு, புதிதாகத் தொற்றிய கணவர் சும்மா இருந்தால், அவரிடமிருந்து திரும்ப வரும்.

வாசகியின் கேள்வியில் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தங்கள் பதிலிலும் இல்லை. திருத்தம் வெளியிடும்போது, அவரும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்ற வரியைச் சேர்த்துவிடுங்கள். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பாவது தாய்க்குச் சிகிச்சை தொடங்கியிருந்தால்தான் குழந்தைக்குப் போதுமான பாதுகாப்பு. அவருக்கு எத்தனையாவது மாதம் என்று அந்தப் பகுதியில் இல்லை. அதனால் திருத்தத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்
(பெயர் வெளியிட வேண்டாம்)