கோமதிக்கு, ஷிகோகு போய் வந்த கதை

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்தது. பேத்தி காதுகுத்துக்கு வரவில்லை என்று திட்டியிருந்தாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அன்றைக்கு நான் ஜப்பானின் ஷிகோகு தீவில் மழையில் நடந்துகொண்டிருந்தேன்.

கோபோ தைஷி என்று ஜப்பானியர்கள் கும்பிடும் கூகாய் துறவி (774–835) பிறந்த மண் அது. அவர் பேரில் தீவைச் சுற்றி நடக்கும் யாத்திரை, 88 கோயில்கள், சுமார் 1,200 கிலோமீட்டர். நான் நடந்தது தொகுஷிமா பக்கத்துக் கோயில்கள் மட்டும்தான். பகுதி பகுதியாக நடந்து முடிப்பது அங்கே சகஜம், யாரும் மட்டமாக நினைப்பதில்லை.

காடு, மலை என்று கற்பனை பண்ணாதே. பெரும்பாலும் தார் ரோடு, பக்கத்தில் லாரி. ஆனால் 12ஆவது கோயிலான ஷோசான்ஜிக்கு ஏறும் பாதை வேறு ரகம். மூச்சு வாங்கப் படியேறி நிமிர்ந்தால், பெரிய தேவதாரு மரத்தடியில் ஆளை மிரட்டும் உயரத்தில் வெண்கலத் தைஷி நிற்கிறார்!

கையில் பிடிக்கிற தடியே தைஷிதான் என்பது நம்பிக்கை. ராத்திரி தங்கப் போனால் முதலில் தடியின் அடியைக் கழுவணும், அப்புறம்தான் நம் கால். பாலத்தில் தடியை ஊன்றக் கூடாது. தைஷி முன்னொரு காலத்தில் தங்க இடமில்லாமல் பாலத்தடியில் படுத்தவராம், தூக்கம் கலைந்துவிடுமாம். யாத்திரிகர்கள் உடுத்தும் வெள்ளை, பிணத்துக்கு உடுத்துவது. வழியில் செத்தால் அந்தத் தடிதான் சமாதிக்கு அடையாளம். நடக்கும்போதே செத்துப்போன பழைய யாத்திரிகர்களின் குட்டிக் குட்டிச் சமாதிக் கற்களைப் பாதையோரம் பார்த்தேன்.

இதைவிட என்னைப் படுத்தியது ஒசெத்தாய். ஊர்க்காரர்கள் வழியில் நிறுத்தி எதையாவது கொடுப்பார்கள். ஒரு பாட்டி வீட்டிலிருந்து பின்னாலேயே ஓடிவந்து, இரண்டு ஆரஞ்சும் நூறு யென் காசும் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். மறுக்கக் கூடாது, தைஷிக்குக் கொடுப்பதாகக் கணக்கு. பதிலுக்கு நம் பேர் எழுதிய சீட்டு ஒன்று. கல்யாண வீட்டில் தாம்பூலப் பையைக்கூட விட்டுவிட்டு வருகிறவள் நான், உனக்குத் தெரியாததா? கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை, கையில் ஆரஞ்சு.

இன்னொன்று. கூகாய் சீனத்துக்குப் போய்க் கற்ற பௌத்த மார்க்கத்தின் குருபரம்பரையில் வஜ்ரபோதி என்று ஒருவர். 8ஆம் நூற்றாண்டில் நம் தென்னாட்டிலிருந்து கப்பலேறிச் சீனம் போனவர். கடலூர்க்காரிக்குப் பெருமை தாங்கவில்லை போ!

நீயும் வருகிறாயா என்றால், உன் முட்டிக்கு அந்த 12ஆவது கோயில் வேண்டாம். முதல் பத்துக் கோயில்கள் கிட்டக்கிட்ட இருக்கின்றன, அநேகமாகச் சமதரை. பத்தாவதில் மட்டும் 333 படி. இங்கே வந்து என்னோடு திருவந்திபுரம் மலையை நாலு தடவை ஏறி இறங்கிப் பழகு. ஷூவை இப்போதே வாங்கி பீச் ரோட்டில் போட்டு நட, புது ஷூவோடு போனால் கொப்புளம்தான். அங்கே ஊடோன் என்கிற நூடுல்ஸ் குழம்பில்கூட மீன் சாறு கலப்பார்கள். உனக்காக அவலும் பருப்புப்பொடியும் நான் கட்டி எடுத்து வருகிறேன். ஐப்பசியில் போனால் குளிர் தாங்கும். பாஸ்போர்ட் காலாவதி ஆகிவிட்டதா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
வசந்தா