சமையல் பக்கத்தில் ரேஷன் பருப்புக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் சமையல் பக்கத்தை நெடுங்காலமாகப் படித்து வருகிறேன். அண்மைக் காலமாக அதில் பனீர், சீஸ், மயோனைஸ், ஃப்ரெஷ் கிரீம் ஆகியவற்றில் ஒன்றேனும் இல்லாத குறிப்பைக் காண்பது அரிதாகிவிட்டது. விருந்து நாளுக்கு அவை பொருந்தலாம். ஆனால் நியாயவிலைக் கடையில் கிடைக்கும் அரிசியையும், கிலோ 30 ரூபாய்த் துவரம்பருப்பையும், 25 ரூபாய்ப் பாமாயிலையும் வைத்து மாதத்தை ஓட்டுகிற குடும்பங்களும் தங்கள் வாசகர்களே. அவர்கள் அன்றாடம் செய்யக்கூடிய, செலவு குறைந்த உணவுக்கும் சிற்றுண்டிக்கும் அப்பக்கத்தில் வாரந்தோறும் நிலையான இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

சத்துணவு மையத்தில் பணியாற்றியவள் என்பதால் பிள்ளைகளின் ஒரு நாள் உணவை முழுமையாக எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தால் காலைப் பசி தீர்கிறது. நண்பகலில் முட்டையோடு சத்துணவு இருக்கிறது. இரவில் வீட்டுச் சோறு. இடையில் பள்ளி விட்டு வரும் மாலை நேரம் மட்டும் பெட்டிக்கடைக்கு விடப்பட்டிருக்கிறது. அங்கே தொங்கும் 10 ரூபாய்ச் சிப்ஸ் பொட்டலத்தில் ஏறத்தாழ 25 கிராம்தான் இருக்கிறது. அப்படியானால் கிலோ 400 ரூபாய் கொடுத்து எண்ணெயையும் உப்பையும் வாங்குகிறோம். இதற்காக எந்தத் தாயையும் நான் குறை சொல்ல மாட்டேன். மில் ஷிப்டு முடிந்து ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவர் நாலரை மணிக்கு வரும் பிள்ளைக்கு எதைச் செய்து வைப்பது என்று சொல்லித்தருவார் இல்லை என்பதே குறை.

சுண்டலை எடுத்துக்கொள்வோம். நவராத்திரி ஒன்பது நாளும் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, மொச்சை, தட்டைப்பயறு, பட்டாணி என்று விதவிதமாகச் செய்துவிட்டு, கொலுப் பொம்மைகளைப் பரணில் ஏற்றுகிற அன்றே அதையும் மறந்துவிடுகிறோம். எங்கள் ஊர்க் கடையில் கறுப்புக் கொண்டைக்கடலை கிலோ 100 ரூபாய் அளவில் விற்கிறது. 200 கிராமை இரவு ஊறவைத்தால் காலையில் ஏறக்குறைய இரு மடங்கு எடைக்கு ஊறிவிடும்; குக்கரில் உப்புப் போட்டு வேகவைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, இரண்டு சில்லுத் தேங்காயைத் துருவிப் போட்டால் நால்வர் வயிறாரச் சாப்பிடலாம். எரிவாயுவையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் நான்கு சிப்ஸ் பொட்டலங்களின் விலையை எட்டாது. ஊறவைக்காத கடலைக்கு அடுப்பு நெடுநேரம் எரிய வேண்டியிருப்பதால், இரவில் ஊறவைப்பதே எரிவாயுவையும் மிச்சப்படுத்துகிறது. காலையிலேயே வேகவைத்து வடித்து வைப்பவர்கள் தேங்காயை மட்டும் மாலையில் சேர்த்தால் ஊசிப்போகாது. வெயில் காலத்தில் தேங்காயே சேர்க்காமல் எலுமிச்சை பிழிந்து கொடுப்பது நல்லது.

எலுமிச்சையைச் சுவைக்காக மட்டும் சொல்லவில்லை. பயறு வகைகளிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க அதிலுள்ள வைட்டமின் சி துணை செய்கிறது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீரோ அதைத் தடுக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலும் பெண்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கும்போது, சுண்டலோடு டீ வேண்டாம், அரை மூடி எலுமிச்சை போதும் என்கிற ஒரு வரியைச் சமையல் குறிப்பின் அடியில் அச்சிடுவது எவ்வளவு பயன் தரும்!

கேழ்வரகு அடையும் அப்படிப்பட்டதே. ஒரு குவளை மாவு, இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை, அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. வெந்நீர் தெளித்துப் பிசைந்து, வாழையிலைத் துண்டில் தட்டித் தோசைக்கல்லில் போட்டால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் இருக்கிறது. பால் வாங்க முடியாத வீட்டில் இதற்கு ஈடான தானியம் வேறில்லை. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 முதல் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகை நியாயவிலைக் கடையிலேயே தருகிறார்கள். கூழும் களியும் வேண்டாம் என்கிற பிள்ளைகள் இந்த அடையைக் கேட்டு வாங்கித் தின்பதைப் பார்த்திருக்கிறேன்.

இவை தவிர, புளித்துப்போன மாவில் குழிப்பணியாரம், அங்கன்வாடியில் தரும் சத்துமாவில் கொழுக்கட்டை, வெல்லமும் தேங்காயும் கலந்த அவல், வறுத்த வேர்க்கடலை என்று சொல்லிக்கொண்டே போகலாம். வேர்க்கடலையை மட்டும் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு முழுதாகக் கொடுக்காமல், பொடித்து உருண்டை பிடித்தே கொடுக்க வேண்டும். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

சமையல் பக்கம் தெளிவுபடுத்த வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. ரேஷன் அரிசியில் கலந்திருக்கக்கூடிய செறிவூட்டப்பட்ட மணிகள், அரிசிமாவுடன் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்யப்பட்டவை. அவை நிறத்தில் சற்று வேறுபட்டும் நீரில் மிதந்தும் இருப்பதால், பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிகிறவர்களை இன்றும் காண்கிறேன். தலசீமியா என்கிற பரம்பரை இரத்த நோய் போன்றவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்; மற்றவர்கள் அவற்றை எறியாமல் சேர்த்தே சமைக்கலாம். அரசின் அறிவிப்புப் பலகையைவிட, எலுமிச்சைச் சாதக் குறிப்பின் நடுவே வரும் இரண்டு வரி சமையலறைக்குள் எளிதாகச் சென்றுசேரும்.

ஆகவே, வாரத்துக்கு ஒரு குறிப்பாவது முழுவதும் ரேஷன் பொருளையும் அந்தந்தப் பருவத்துக் காயையும் கொண்டதாக இருக்கட்டும். "தேவையான பொருட்கள்" என்பதன் கீழே நால்வருக்கு ஆகும் செலவையும், அடுப்பு எரியும் நேரத்தையும், முதல் நாள் இரவே செய்ய வேண்டியதையும் குறிப்பிடுங்கள். "இல்லத்தரசிகளே" என்று விளிப்பதை விட்டுவிட்டு, வீட்டிலிருக்கும் அப்பாவும் அண்ணனும் படித்துச் செய்யும்படி எழுதுங்கள். கடலையை ஊறப்போடுவதற்குத் தனித்திறமை எதுவும் தேவையில்லை. மாவட்டந்தோறும் வாசகர்களிடமிருந்தே இத்தகைய குறிப்புகளைக் கேட்டு வாங்கினால், கொங்கு நாட்டின் கொள்ளுத் துவையலும் நாஞ்சில் நாட்டின் மரவள்ளிக்கிழங்கு மயக்கலும் தாமாகவே தங்கள் மேசைக்கு வந்து சேரும். தாங்கள் அழைப்பு விடுத்தால், அந்தக் கேழ்வரகு அடையின் அளவுகளைச் செலவுக் கணக்கோடு முதல் ஆளாக எழுதி அனுப்புகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சத்துணவுப் பணியாளர்,
செங்கம், திருவண்ணாமலை மாவட்டம்.